முத்துலட்சுமி ரெட்டி: தங்கையைப் பறித்த மலக்குடல் புற்றுநோய்... 31 வருஷம் விடாமல் போராடிக் கட்டிய மருத்துவமனை!

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு மாதிரி ஒரு பேரூராட்சியில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கர்ப்பத்தைப் பதிவு செய்கிற பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் பழக்கமானதுதான். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே ஊரில் ஒருவர் மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, யூரின் டியூப்போடு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கைக்கும் தனக்கும் நேரடித் தொடர்பு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதே, மலக்குடல் புற்றுநோயில் செத்துப்போன ஒரு இளம்பெண்ணால்தான். அந்தப் பெண் முத்துலட்சுமியின் தங்கை.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் அப்பாவை அவர் குடும்பத்தினர் ஒதுக்கிவைத்தார்கள். ஊரில் ஒரு பெண் குழந்தை என்ன படிக்கலாம், எதுவரை படிக்கலாம் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருந்த காலம். வயசுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அதுவரை பையன்கள் மட்டும்தான். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் தங்கப் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் அவர்தான்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தான் செய்ய நினைக்கிற வேலைகளுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த கல்யாணம் அது. 110 வருஷத்துக்கு முன்னால் இப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1923: அக்காவும் டாக்டர், அத்தானும் டாக்டர்... ஆனாலும்!

தங்கைக்கு அப்போது இருபதுகளில்தான் வயது. மலக்குடலில் புற்றுநோய். இந்த வயதில் இப்படி ஒரு நோயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மோஷனில் ரத்தம் போனால் மூலம் என்பார்கள், சீதபேதி என்பார்கள், உடல் சூடு என்பார்கள். நாட்டு மருந்து, மெடிக்கல் ஷாப் மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். மலக்குடல் புற்றுநோயில் வழக்கமாக நடக்கிற கதை இதுதான். இளவயது நோயாளிகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

குடும்பத்தில் இரண்டு டாக்டர்கள். இருந்தும் 1923-ல் தங்கை இறந்துபோனார்.

அப்போது மருத்துவத்தால் என்ன செய்திருக்க முடியும்? ரொம்பக் கொஞ்சம்தான். ஸ்கேன் கிடையாது. பென்சிலின் புழக்கத்துக்கு வர இன்னும் 20 வருஷம் இருந்தது. லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் 1908-ல் ஒரு பெரிய ஆபரேஷனை அறிமுகப்படுத்தியிருந்தார். வயிற்றைத் திறந்து மேலிருந்தும், ஆசனவாய் பக்கமாகக் கீழிருந்தும் அறுத்து, மலக்குடலைச் சுற்றியுள்ள திசுவோடு மொத்தமாக எடுத்துவிடுவது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க வயிற்றில் போட்ட துவாரம் வழியாகத்தான் மலம் வெளியேறும். ஆரம்ப வருஷங்களில் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உயிர் பிழைக்காதவர்கள் நிறைய. பிழைத்தவர்களுக்கு யூரின் போவதில் வந்த சிரமத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது.

சென்னையிலோ புற்றுநோய்க்கு என்று தனியாக ஒரு மருத்துவமனைகூட இல்லை.

லண்டனில் பார்த்த காட்சி

தங்கை இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1925-ல் அரசு உதவித்தொகையோடு லண்டன் போனார் முத்துலட்சுமி. பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்கத்தான் போனார். ஆனால் அவர் மனதில் பதிந்தது, இன்று ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படும் புற்றுநோய் மருத்துவமனை. மேலே சொன்ன மைல்ஸ் வேலை பார்த்ததும் அந்த மருத்துவமனையில்தான். புற்றுநோயாளிகளுக்கென்றே வார்டு, அவர்களுக்கென்றே டாக்டர்கள், கூடவே ஆராய்ச்சி. இதே மாதிரி ஒன்று சென்னையில் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியானது.

ஆனால் ஊர் திரும்பியதும் வேறு வேலைகள் வரிசைகட்டி நின்றன. சென்னை மாகாண சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர். துணைத் தலைவராகவும் தேர்வானார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்துக்கு எதிராக அவர் கொண்டுவந்த தீர்மானமும் மசோதாவும் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டதால் இங்கே நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் முழுசாக வந்து சேர்ந்தது 1947-ல்தான். ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் 20 வருஷமானாலும் அவர் விடுவதில்லை என்பதற்கு அது முதல் சாட்சி.

உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும் 1930-ல் பதவியைத் தூக்கிப் போட்டார். தேவதாசி முறையிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகளுக்கு நிழல் கொடுக்க அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். சென்னை அடையாறில் அது இன்றைக்கும் இருக்கிறது.

புற்றுநோய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில்தான் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று முதன்முதலாகப் பொதுவெளியில் பேசினார் முத்துலட்சுமி. தங்கை இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள். காரியம் நடக்கவில்லை. அப்புறம் உலகப் போர் வந்தது, சுதந்திரம் வந்தது. அரசாங்கக் கதவைத் தட்டியபோதெல்லாம் கிடைத்த பதிலின் சாரம் ஒன்றுதான்: புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகப்போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு ஆஸ்பத்திரி? பொதுமக்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. படித்த டாக்டர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இதற்கிடையில் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டராகி, புற்றுநோய் சிகிச்சையில் வெளிநாட்டில் பயிற்சி எடுத்துத் திரும்பினார். மருத்துவமனை என்றால் கட்டடம் மட்டும் போதாது, உள்ளே வேலை தெரிந்த ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆள் வீட்டிலேயே தயாராகியிருந்தார்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சின்னச் சின்னத் தொகையாகப் பணம் சேர்ந்தது. 1952 அக்டோபர் 10-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் 12 படுக்கைகள். முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது முடிந்து 68 நடந்துகொண்டிருந்தது.

தங்கை இறந்ததற்கும் இதற்கும் இடையில் 31 வருஷம்.

அடுத்த வருஷம் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்துதான் 12 படுக்கைகளை நாடு முழுக்கத் தெரிந்த நிறுவனமாக வளர்த்தார்கள்.

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி இருந்தது.

அவர் பார்க்காத மாற்றம்

முத்துலட்சுமி இறந்து 14 வருஷம் கழித்து, 1982-ல் பில் ஹீல்டு என்ற இங்கிலாந்து சர்ஜன் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறைக்கும் இடுப்புச் சுவருக்கும் நடுவில் இயற்கையாகவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நிதானமாகக் கத்தியைச் செலுத்தி, உறை கிழியாமல் மலக்குடலைப் பொட்டலமாக எடுத்தால் நோய் திரும்ப வருவது குறைகிறது என்று காட்டினார். கூடவே இன்னொரு லாபமும் கிடைத்தது. அந்த உறைக்கு வெளியே ஓடுகிற நரம்புகளைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற முடிந்தது. ஜப்பான் சர்ஜன்களும் அதே காலகட்டத்தில் நரம்பைக் காப்பாற்றும் முறைகளில் இறங்கியிருந்தார்கள்.

அது என்ன நரம்பு? இங்கேதான் யூரின் விஷயம் வருகிறது.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர். அதற்கு முன்னால் சிறுநீர்ப்பை. பெண்களுக்கு இரண்டுக்கும் நடுவில் கர்ப்பப்பை. சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புகள் மலக்குடலின் இரண்டு பக்கமும் வலை மாதிரி ஒட்டிக்கொண்டு போகின்றன. வேலை இரண்டு விதம். ஒரு வகை நரம்பு, பை நிரம்பும்வரை தசையைத் தளர்த்தி, வாயை மூடி வைத்திருக்கும். இன்னொரு வகை, கழிப்பறைக்குப் போனதும் பையைச் சுருக்கி யூரினை வெளியே தள்ளும்.

ஆபரேஷனில் முதல் வகை அடிபட்டால் அடக்க முடியாது. அவசரமாக வரும், கசியும். இரண்டாவது வகை அடிபட்டால் பை நிரம்பியிருந்தாலும் வெளியே வராது. முக்கி முக்கிப் போக வேண்டும், சொட்டுச் சொட்டாக வரும். பாதி உள்ளேயே தங்கிவிடும். தாம்பத்திய உறவுக்கான நரம்புகளும் இதே வலையில்தான் இருக்கின்றன. அதையும் டாக்டரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கட்டி ரொம்பக் கீழே இருந்தாலோ, முன்னாடியே ரேடியேஷன் கொடுத்திருந்தாலோ, வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீங்கியிருந்தாலோ இந்தச் சிக்கல் வர வாய்ப்பு கூடுதல். ஆபரேஷனுக்கு முன்னாலேயே யூரின் போவதில் சிரமம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டியூப் எடுத்தபிறகு என்ன நடக்கும்?

ஆபரேஷன் முடிந்து சில நாட்கள் யூரின் டியூப் இருக்கும். எத்தனை நாள் என்பது ஆபரேஷனைப் பொறுத்து சர்ஜன் முடிவு செய்வது. டியூப்பை எடுத்தபிறகு தானாக யூரின் போகிறதா, போனபிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நிறைய மிச்சம் இருந்தால் மறுபடி டியூப் போடுவார்கள். இதைப் பார்த்ததும் பல குடும்பங்கள் பயந்துபோகின்றன, ஆபரேஷன் கெட்டுப்போச்சோ என்று. பெரும்பாலும் அப்படி இல்லை. நரம்பு அறுபடாமல், இழுபட்டு, வீங்கி, கொஞ்ச நாள் மரத்துப்போயிருக்கும். வாரக்கணக்கில் சரியாகிறவர்களே அதிகம். சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். நிரந்தரமாகத் தங்கிவிடுவது சிலருக்குத்தான்.

டியூப்போடு வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று விஷயம் முக்கியம். யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கட்டில் மேலே தூக்கி வைத்தால் யூரின் திரும்பி ஏறும், தொற்று வரும். தரையிலும் படக் கூடாது. டியூப் மடங்கக் கூடாது. மல்லாங்கிணற்றிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் செக்கப் போகிறவர்கள், காலில் கட்டிக்கொள்ளும் சின்னப் பை கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டால் வேட்டிக்குள், சேலைக்குள் தெரியாது. பஸ்ஸில் அவதிப்பட வேண்டாம் என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வெயிலில் அது வேறு வில்லங்கம். யூரின் கெட்டியாகி எரிச்சலும் தொற்றும்தான் வரும். மொத்தமாகக் குடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பதுதான் சரி.

டியூப் இல்லாதவர்கள், வருகிறதோ இல்லையோ மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். போய் முடித்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒருமுறை முயன்றால் தங்கியிருப்பதும் வரும். மலச்சிக்கல் இருந்தால் யூரினும் அடைக்கும், அதையும் கவனிக்க வேண்டும். கசிவு இருக்கிறவர்களுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி உதவும். மருத்துவமனையிலேயே சொல்லித் தருவார்கள்.

மாதக்கணக்கில் பை காலியாகாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிரந்தரமாக டியூப்பை மாட்டிக்கொண்டு திரிவதற்குப் பதிலாக, ஒரு மெல்லிய டியூப்பை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே செலுத்தி யூரினை எடுத்துவிட்டு, டியூப்பை உருவிவிடுவது. கேட்கவே கூச்சமாக இருக்கும். பயமாகவும் இருக்கும். ஆனால் 1972-ல் அமெரிக்காவின் லாபிடெஸ் என்ற டாக்டர், இதற்கு ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குச் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும் என்று காட்டியபிறகு உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். நர்ஸ் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். வேலைக்கும் போகலாம், கல்யாண வீட்டுக்கும் போகலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது? அடிவயிறு வீங்கி வலிக்கிறது, ஆனால் ஆறேழு மணி நேரமாக யூரின் வரவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல், யூரினில் ரத்தக்கட்டி, டியூப் அடைத்து ஓரத்தில் கசிவது, இவையும் அப்படித்தான். ராத்திரியாக இருந்தாலும் சரி, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

முத்துலட்சுமியின் தங்கைக்கு வந்த நோயில் இன்றைக்கும் முதல் எதிரி தாமதம்தான். மோஷனில் ரத்தம், சில வாரமாக மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், போய்விட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி உணர்வு, காரணமே இல்லாமல் எடை குறைவது, ரத்தசோகை. இதில் எது இருந்தாலும் மூலம் என்று தாங்களே முடிவு கட்டிவிடாமல் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். கையுறை போட்டு விரலால் பரிசோதிப்பதிலேயே பல மலக்குடல் கட்டிகள் தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதன்பிறகுதான் கொலனோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம். விருதுநகரிலேயே 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதால் முதல் பரிசோதனைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

முத்துலட்சுமி பிறந்த ஜூலை 30-ஐ 2019-லிருந்து தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கிறது.